மூலையில ஒரு பேர்: வாட்டர்மார்க் வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பத் திரும்பச் சொன்னவை, "ம்ம்", "அதாவது" எல்லாம் முடிந்தவரை எடுக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னிக்கு எபிசோட் ஒரு ஃபார்வர்ட் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது.

என் சித்தப்பா கும்பகோணத்துல ஸ்டுடியோ வச்சிருக்கார். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், இதுதான் தொழில். 2016 பிப்ரவரில மகாமகம் வந்தது. தீர்த்தவாரி அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க வீட்டு மொட்டை மாடில ஏறி உட்கார்ந்து, குளம் முழுக்கத் தலையாத் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்தார். சாயங்காலம் ஃபேஸ்புக்ல போட்டார். வலது பக்கக் கீழ் மூலையில சின்ன வெள்ளை எழுத்துல ஸ்டுடியோ பேர்.

ரெண்டு நாள் கழிச்சு அதே படம் அவருக்கே வாட்ஸ்அப்ல வருது. அனுப்பினது என் சித்தியோட தம்பி. "அத்தான், பாருங்க, எவனோ எப்படி எடுத்திருக்கான்!" மூலையை வெட்டிட்டாங்க. நட்ட நடுவுல மஞ்சள் கலர்ல வேற ஒரு பக்கத்தோட பேர். சித்தப்பா அன்னிக்குச் சாப்பிடலை.

நான் அப்ப இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். "நீ கம்ப்யூட்டர்தானேடா படிக்கிற, இதுக்கு ஏதாவது பண்ணு"ன்னார். பண்ணேன். பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட். ஒரு ஃபோல்டரைக் கொடுத்தா, உள்ள இருக்கற எல்லாப் படத்துலயும் குறுக்கா ஸ்டுடியோ பேரை 30 சதவீத ஒபாசிட்டில போட்டுத் தரும். அறுபது வரிதான். ரொம்பப் பெருமையா இருந்தது. அந்த அறுபது வரில நான் ஒரு தப்பு பண்ணியிருந்தேன். அது என்னன்னு எனக்கே ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதைக் கடைசில சொல்றேன். முதல்ல, இந்தப் பேர் போடற பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

வாட்டர்மார்க்ங்கற வார்த்தை காகிதத்துல இருந்து வந்தது. இத்தாலில ஃபேப்ரியானோன்னு ஒரு ஊர். 13-ஆம் நூற்றாண்டுலயே அங்க காகிதப் பட்டறைகள் வந்துடுச்சு. கூழை ஒரு கம்பி வலைச் சட்டத்துல அள்ளுவாங்க, தண்ணி வடியும், நார் படியும், அதுதான் தாள். அந்த வலை மேல இன்னொரு கம்பியை வளைச்சு, ஒரு சிலுவையோ பூவோ மாதிரி கட்டி வச்சா, அந்த இடத்துல மட்டும் கூழ் கொஞ்சம் மெலிசாப் படியும். காய்ஞ்சப்புறம் தாளை வெளிச்சத்துல பிடிச்சா உருவம் தெரியும். கிடைச்சதுல ரொம்பப் பழசு 1282-ஆம் வருஷத்துத் தாள். நம்ம ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடிச்சா காந்தி தெரியறாரே, அதே வேலைதான். 1996-க்கு முன்னாடி வந்த நோட்டுல அங்க அசோகத் தூணின் சிங்கம் இருக்கும்.

இங்க கவனிக்கணும். அந்தக் காலத்து வாட்டர்மார்க் "இதைக் காப்பி அடிக்காதே"ன்னு சொல்லலை. "இந்தத் தாளை நான் செஞ்சேன்"னுதான் சொன்னது. ரெண்டும் வேற வேற. நாம இப்ப படத்து மேல பேர் போடும்போது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம். நானும் அப்படித்தான் குழப்பிக்கிட்டேன்.

புகைப்படம் வந்தப்ப முதல்ல வந்ததும் "நான் செஞ்சேன்" ரகம்தான். 1863-ல இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், தன் கண்ணாடி நெகட்டிவ்லயே பேரையும் ஒரு நம்பரையும் கீறி வச்சார். எத்தனை பிரிண்ட் போட்டாலும் அது கூடவே வரும். உங்க வீட்டுல தாத்தா பாட்டி கல்யாணப் படம் அட்டைல ஒட்டினது இருந்தா, கீழ மூலையைத் தடவிப் பாருங்க. ஸ்டுடியோ பேர் மையில்லாம, புடைப்பா அழுத்தியிருக்கும். அது விளம்பரமும்தான், கையெழுத்தும்தான்.

காப்பி அடிக்கறதைத் தடுக்கற குறியா அது மாறினதுக்கு ஒரு கேஸ் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1882 ஜனவரி, நியூயார்க். ஆஸ்கர் வைல்டு இங்கிலாந்துல இருந்து வந்து இறங்கறார். வயசு 27. இன்னும் பெரிய நாடகம் எதுவும் எழுதலை. ஆனா முடி, வெல்வெட் கோட்டு, முழங்கால் வரைக்கும் கால்சட்டை, பட்டுக் காலுறை, இதுக்கே அவர் பிரபலம். அவரை மாதிரி ஆளுங்களைக் கிண்டல் பண்ற 'பேஷன்ஸ்'ங்கற இசை நாடகம் அமெரிக்காவுல ஓடிக்கிட்டிருந்தது. கிண்டல் பண்ணப்படற ஆளையே நேர்ல காட்டினா டிக்கெட் இன்னும் விக்கும்னு நாடகத்தோட தயாரிப்பாளரே அவரை ஊர் ஊராப் பேச வைக்கறார். நம்ம ஊர் பட புரமோஷன் எல்லாம் ஒண்ணுமே இல்லை.

ஊர் ஊராப் போகணும்னா விக்கறதுக்குப் படம் வேணும். அப்ப நியூயார்க்ல பிரபலங்களைப் படம் எடுக்கறதுன்னா நெப்போலியன் சரோனிதான். கனடாவில் கியூபெக்ல 1821-ல பிறந்தவர், நெப்போலியன் செத்த அதே வருஷம். குள்ளமானவர். யூனியன் ஸ்குவேர்ல ஸ்டுடியோ. வைல்டை இருபதுக்கும் மேல படம் எடுத்தார். அதுல 18-ஆம் நம்பர் படம்: வைல்டு ஒரு இருக்கைல உட்கார்ந்து, கையில புத்தகம், இன்னொரு கை கன்னத்துக்கிட்ட, நேரா நம்மளைப் பார்க்கறார். ஒவ்வொரு பிரதிலயும் "காப்பிரைட், 1882, என். சரோனி"ங்கற மாதிரி ஒரு வரி.

பர்ரோ-கைல்ஸ்னு ஒரு லித்தோகிராஃப் கம்பெனி. கல்லச்சுல படம் போடறவங்க. அந்த 18-ஆம் நம்பர் படத்தை எடுத்து, ஒரு துணிக்கடையோட தொப்பி விளம்பரத்துக்காக 85,000 காப்பி அடிச்சுட்டாங்க. படத்துல வைல்டு தொப்பியே போடலைங்கறது தனி விஷயம். சரோனி கோர்ட்டுக்குப் போனார்.

கம்பெனி ரெண்டு வாதம் வச்சது. முதல் வாதம் அந்தக் குறியைப் பத்தினது. சட்டப்படி ஒவ்வொரு பிரதிலயும் உரிமையாளர் பேர் இருக்கணும். இதுல வெறும் 'என்'. அது நெப்போலியனா, நிக்கலஸா, நாதானியேலா? முழுப் பேர் இல்லாததால இந்த அறிவிப்பே செல்லாதுன்னாங்க. ரெண்டாவது வாதம் இன்னும் பெரிசு. அமெரிக்க அரசியல் சாசனம் 'ஆசிரியர்களின் எழுத்துக்களுக்கு'த்தான் பாதுகாப்புத் தருது. ஃபோட்டோ எழுத்தா? கேமராக்காரன் ஆசிரியரா? முன்னாடி இருக்கறதை மெஷின் அப்படியே பதியுது, இதுல இவன் என்ன உருவாக்கினான்?

ரெண்டாவது வாதத்தைக் கேட்டதும் சித்தப்பா சொன்னது ஞாபகம் வருது: "பட்டனை அமுக்கினதுக்கு ஆயிரம் ரூபாயான்னு கேக்கறவன் அப்பவே இருந்திருக்கான்."

1884 மார்ச்ல அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதினவர் நீதிபதி சாமுவேல் மில்லர். முதல் வாதத்தை அவர் சீக்கிரமா முடிச்சுட்டார். அந்த அறிவிப்பு எதுக்கு? இதுக்கு உரிமை கோரப்பட்டிருக்கு, யார் கோரறாங்க, எப்போன்னு பார்க்கறவனுக்குத் தெரியறதுக்கு. 'என். சரோனி'ன்னா அது தெரியும், போதும். ரெண்டாவதுக்கு, எல்லா ஃபோட்டோவுக்கும் பொதுவா அவர் பதில் சொல்லலை. இந்தப் படத்தை எடுத்துக்கிட்டார். வைல்டை எப்படி உட்கார வைக்கறதுன்னு முடிவு பண்ணது சரோனி. உடை, திரைச்சீலை, வெளிச்சம், நிழல், முகத்துல என்ன பாவம், எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அடுக்கினது சரோனி. அதனால இது அவரோட படைப்பு. 610 டாலர் நஷ்டஈடு உறுதியாச்சு.

இந்தத் தீர்ப்புல எனக்கு ரெண்டு சிரிப்பு. ஒண்ணு, தன் தலைமுடி எப்படி விழணும்ங்கறது வரைக்கும் தானே முடிவு பண்ற ஆள் வைல்டு. சட்டத்தின் கண்ணுக்கு அவர் மேஜை, நாற்காலி மாதிரி, அடுக்கி வைக்கப்பட்ட ஒரு பொருள். ரெண்டாவது, சரோனியே ஃபோட்டோவுக்கு வர்றதுக்கு முன்னாடி நியூயார்க்ல பெரிய லித்தோகிராஃப் கம்பெனி நடத்தினவர். கல்லச்சுக்காரங்க எப்படி வேலை பார்ப்பாங்கன்னு அவருக்குத் தெரியாததா!

அந்த ஒரு வரி அறிவிப்பு அமெரிக்காவுல ரொம்ப நாள் உயிர் நாடி மாதிரி இருந்தது. போட மறந்தா உரிமையே போயிடலாம். மத்த நாடுகள் வேற வழில போச்சு. 1886-ல வந்த பெர்ன் ஒப்பந்தத்தை 1908-ல பெர்லின்ல திருத்தினப்ப, எந்தச் சடங்கும் வேண்டாம், உருவாக்கின நிமிஷமே உரிமை வந்துடும்னு முடிவாச்சு. அமெரிக்கா அதுல சேர்ந்தது 1989 மார்ச் 1-ஆம் தேதிதான். அதுக்கப்புறம் அங்கயும் அந்த வட்டத்துக்குள்ள 'சி' போடறது கட்டாயமில்லை.

இந்தியாவுல பெர்ன் 1928-லயே வந்துடுச்சு. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு பண்ணணும்னோ, பேர் போடணும்னோ கட்டாயம் கிடையாது. சித்தப்பாவோட மகாமகப் படத்துல பேர் இருந்தாலும் இல்லைன்னாலும் அது அவரோடதுதான்.

ஆனா அதே சட்டத்துல ஒரு இடத்தைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. 17-ஆம் பிரிவு. ஒருத்தர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அதாவது கல்யாண ஆல்பம் பூரா பொண்ணு வீட்டுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ, யார் புக் பண்ணாங்களோ அவங்களுக்குச் சொந்தம். என் ஸ்கிரிப்ட் பெருமையாக் குறுக்க பேர் போட்டுத் தள்ளின ஆயிரக்கணக்கான படத்துல பாதிக்கு மேல சட்டப்படி சித்தப்பாவுக்கு உரிமையே இல்லை. எடுத்தவர் நான்னு சொல்லிக்கற உரிமை 57-ஆம் பிரிவுல தனியா இருக்கு, அது போகாது. ஃபேப்ரியானோ பட்டறைக்காரன் மாதிரி "நான் செஞ்சேன்"னு சொல்லலாம். "எனக்குச் சொந்தம்"னு சொல்ல முடியாது. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். என் ஏரியா.

90-கள்ல படங்கள் ஃபைல் ஆனதும் பிரச்சினை மாறிப்போச்சு. கல்லச்சுல 85,000 காப்பி அடிக்க ஆள் வேணும், கல் வேணும், மை வேணும், கம்பெனி வேணும். ஃபைலுக்கு ரைட் கிளிக் போதும். அடிக்கறவனுக்கு முகவரியே இல்லை. அப்ப ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பேரைக் கண்ணுக்குத் தெரியாமப் படத்துக்குள்ளேயே கரைச்சு வச்சா என்ன? 'எலெக்ட்ரானிக் வாட்டர்மார்க்'ங்கற பேர்ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ டிர்கெல் குழுவோட கட்டுரை 1993-ல வந்தது.

அடிப்படை எளிது. ஒரு பிக்ஸலோட பிரகாசம் 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண். 200-ஐ 201 ஆக்கினா உங்க கண்ணுக்குத் தெரியாது. பைனரில பார்த்தா கடைசி பிட் மட்டும் 0-ல இருந்து 1 ஆகும். பத்து லட்சம் பிக்ஸல் இருக்கற ஒரு படத்துல அந்தக் கடைசி பிட்டுகளை மட்டும் உங்க பேருக்குத் தகுந்த மாதிரி மாத்தினா, படத்துக்குள்ள பேர் ஒளிஞ்சிருக்கும். அழகா இருக்குல்ல? ஜேபெக்ல சேவ் பண்ணுங்க, காலி. கண்ணுக்குத் தெரியாததைத் தூக்கி எறிஞ்சு ஃபைலைச் சின்னதாக்கறதுதான் ஜேபெக்கோட முழு நேர வேலை. நீங்க ஒளிச்சு வச்ச இடமும் அதே கண்ணுக்குத் தெரியாத இடம். குப்பைத் தொட்டில நகையை மறைச்சு வச்ச மாதிரி.

அதனால அடுத்து வந்தவங்க குறியைப் படம் முழுக்கப் பரப்பி, கண் கவனிக்கற பகுதிகளுக்குள்ளேயே லேசாக் கலக்க ஆரம்பிச்சாங்க. ஜெஃப் ரோட்ஸ்னு ஒரு இயற்பியலாளர் 1995-ல டிஜிமார்க்னு கம்பெனி ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே அவங்க பிளக்-இன் ஃபோட்டோஷாப் 4.0 கூடவே வந்தது. காசு கட்டி ஒரு எண் வாங்கணும். ஃபில்டர் மெனுல போய் அந்த எண்ணைப் படத்துல பதிக்கணும். வேற ஒருத்தர் அதை ஃபோட்டோஷாப்ல திறந்தா விண்டோ தலைப்புல காப்பிரைட் குறி தெரியும். பழைய ஃபோட்டோஷாப் வச்சிருந்தவங்க இந்த மெனுவைப் பார்த்திருப்பீங்க, யாரும் கிளிக் பண்ணியிருக்க மாட்டீங்க.

1997-ல கேம்பிரிட்ஜ்ல ஃபேபியன் பெட்டிகோலா, மார்க்கஸ் கூன்னு ரெண்டு பேர் ஸ்டர்மார்க்னு ஒரு புரோகிராம் வெளியிட்டாங்க. படத்தை ரொம்ப லேசா, பிரிண்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் பண்ணா எவ்வளவு நெளியுமோ அவ்வளவு நெளிக்கும். நமக்கு வித்தியாசமே தெரியாது. அப்ப இருந்த வாட்டர்மார்க் ரீடர்களுக்கு மட்டும் கண் கட்டிப் போயிடும், எந்த இடத்துல தேடறதுன்னு தெரியாது. அடுத்த வருஷம் அவங்க ராஸ் ஆண்டர்சனோட சேர்ந்து எழுதின கட்டுரைல ஒரு தாக்குதல் வரும், அதைப் படிச்சுட்டு நான் ஹாஸ்டல்ல சத்தமா சிரிச்சேன். படத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டு. வெப் பக்கத்துல துண்டுகளை இடைவெளி இல்லாம ஒட்டி அடுக்கு. பார்க்கறவனுக்கு முழுப் படம். இணையத்துல திருட்டுப் படம் தேடற ரோபோவுக்கு? ஒவ்வொரு துண்டும் தனி ஃபைல், ஒவ்வொண்ணும் குறியைப் படிக்க முடியாத அளவுக்குச் சின்னது. எச்டிஎம்எல் தெரிஞ்ச பள்ளிக்கூடப் பையன் பண்ணிடலாம்.

ஃபைல்ல படத்தோட கூடவே பேர் எழுதி வைக்கற வழியும் இருக்கு. எக்சிஃப்ல காப்பிரைட்டுக்குன்னே ஒரு கட்டம் உண்டு, உங்க கேமராவிலேயே ஒரு தடவை டைப் பண்ணி வச்சா எல்லாப் படத்துலயும் ஏறிடும். செய்யுங்க. ஆனா வாட்ஸ்அப்ல சாதாரணமாப் படம் அனுப்பினா அது மொத்தமும் கழண்டுடும். மகாமகப் படத்துல சித்தப்பா பேர் எக்சிஃப்லயும் இருந்தது.

பேர் இல்லாமப் போன படத்துக்கு என்ன ஆகும்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2010 ஜனவரி 12, ஹைத்தி பூகம்பம். அந்த ஊர்க்காரரான டேனியல் மொரெல் பெரிய அனுபவமுள்ள ஃபோட்டோகிராஃபர். இடிபாட்டுக்கு நடுவுல படம் எடுத்து, எப்படியோ இணையம் பிடிச்சு, ட்விட்டர் வழியா ட்விட்பிக்ல போட்டார். படத்து மேல எந்தக் குறியும் இல்லை. பக்கத்துல மட்டும் அவர் பேர் இருந்தது. கொஞ்ச நேரத்துல வேற ஒருத்தர் அதை எடுத்துத் தன் படம்னு போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த இன்னொருத்தர் பேரைப் போட்டு உலகம் முழுக்க அனுப்பிடுச்சு, கெட்டி இமேஜஸ் வழியாவும் போச்சு. ட்விட்டர்ல போட்டா யாரும் எடுத்துக்கலாம்னு ஏஎஃப்பி வாதாடிச்சு, கோர்ட் ஒத்துக்கலை. 2013 நவம்பர்ல நியூயார்க்ல ஜூரி சுமார் 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. எட்டு படத்துக்கு.

மூலையில பேர் போட்டிருந்தா இது நடந்திருக்காதான்னு கேட்டா, தெரிஞ்சே திருடறவன் வெட்டியிருப்பான். ஆனா அவசரத்துல இருக்கற ஒரு எடிட்டர், "இது யாரோடது?"ன்னு ஒரு நொடி நின்னிருக்கலாம். நீதிபதி மில்லர் 1884-ல சொன்னதும் அதுதானே. குறி இருக்கறது பார்க்கறவனுக்குத் தெரியறதுக்கு. அதுக்கு மேல நாம அதுகிட்ட எதிர்பார்த்தா அது நம்ம தப்பு.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

வாட்டர்மார்க்கை 30 சதவீத ஒபாசிட்டில போடறதுன்னா என்ன? படத்தோட பிக்ஸல்ல 70 சதவீதம், குறியோட பிக்ஸல்ல 30 சதவீதம், ரெண்டையும் கூட்டணும். கீழ 100 இருக்கு, மேல வெள்ளை எழுத்து 255. எழுபதும் எழுபத்தாறரையும், மொத்தம் 146.5. ஃபோட்டோஷாப் ஆகட்டும், கிம்ப் ஆகட்டும், உள்ள நடக்கறது இந்தக் கணக்குதான். கணக்குன்னா திருப்பியும் போடலாம். எழுத்து என்ன கலர், எத்தனை சதவீதம்னு எனக்குத் தெரிஞ்சா, 146.5-ல இருந்து 76.5-ஐக் கழிச்சு 0.7-ஆல வகுத்தா, பழைய 100 திரும்பக் கிடைச்சுடும். உங்க பேர் போன இடம் தெரியாது.

"எனக்குத் தெரியும், திருடனுக்கு அந்த எண்கள் தெரியாதே"ன்னு நினைச்சேன். 2017-ல கூகுள் ஆராய்ச்சிக் குழு, டாலி டெக்கெலும் அவரோட வேலை பார்த்தவங்களும், ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஒரே இடத்துல ஒரே குறி போட்ட நூற்றுக்கணக்கான படங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பார். படங்கள் ஒவ்வொண்ணும் வேற, அதெல்லாம் சராசரில மங்கிப்போகும். மாறாம இருக்கறது ஒண்ணே ஒண்ணு, குறி. அது தானே மேல வந்து நிக்கும். அங்கிருந்து கலர், ஒபாசிட்டி எல்லாத்தையும் கணக்குப் போட்டு, எல்லாப் படத்துல இருந்தும் ஒரே நேரத்துல கழிச்சுடலாம். பெரிய ஸ்டாக் ஃபோட்டோ தளங்களோட குறியையே எடுத்துக் காட்டினாங்க.

ஒரே இடம். ஒரே எழுத்து. ஒரே 30 சதவீதம். ஆயிரக்கணக்கான படம். நான் எழுதின அறுபது வரி செஞ்சது சரியா அதைத்தான். ஸ்டுடியோ பக்கத்துல நாங்க எவ்வளவு அதிகமாப் போட்டோமோ, அவ்வளவுக்கு எடுக்கறவனுக்கு வேலை சுலபம். அந்தக் கட்டுரையே மருந்தும் சொல்லுச்சு. ஒவ்வொரு படத்துக்கும் குறியை ரொம்ப லேசா, வேற வேற மாதிரி நெளிச்சுப் போட்டா, கழிக்கும்போது சுவடு தங்கிடும். இடத்தை மட்டும் மாத்தினா போதாது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அந்த நெளிவைச் சேர்த்தேன், இன்னும் நாற்பது வரி ஆச்சு. வாட்டர்மார்க்கை உடைக்க கேம்பிரிட்ஜ்காரங்க கண்டுபிடிச்ச நெளிவு, இருபது வருஷம் கழிச்சு வாட்டர்மார்க்கைக் காப்பாத்த வந்திருக்கு.

இன்னிக்கு ஃபோன்லயே அழிக்கற பட்டன் வந்தாச்சு, அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த இடத்துல என்ன இருந்திருக்கும்னு தானே வரைஞ்சுக்கும். அது நெளிவைப் பத்திக் கவலைப்படாது. நம்ம நாட்டுல 2012 திருத்தத்துல 65பி பிரிவு வந்தது. இந்த மாதிரி உரிமைத் தகவலைத் தெரிஞ்சே அனுமதியில்லாம எடுத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும். தாள்ல இருக்கு.

கடைசியா ஒரு விஷயம், இது சமீபத்துல நடந்தது. கெட்டி இமேஜஸ் 2023-ல ஸ்டெபிலிட்டி ஏஐ மேல லண்டன்ல கேஸ் போட்டது. தங்களோட படங்களை வச்சு ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பழக்கினாங்கன்னு புகார். அவங்க காட்டின ஆதாரங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? அந்த மெஷின் புதுசா வரைஞ்ச சில படங்கள்ல, கோணல் மாணலா, எழுத்து உருகின மாதிரி, கெட்டியோட வாட்டர்மார்க்! மெஷினுக்கு அது பேர்னு தெரியாது. ஆயிரக்கணக்கான படத்துல புல்லு பச்சையா இருந்தது, வானம் நீலமா இருந்தது, நடுவுல ஒரு சாம்பல் பட்டையும் இருந்தது. அதுவும் உலகத்துல இருக்கற ஒரு பொருள்னு நினைச்சு வரைஞ்சுடுச்சு. 2025 நவம்பர்ல தீர்ப்பு. காப்பிரைட் வாதத்துல கெட்டி பெரும்பாலும் தோத்துப்போச்சு. ஜெயிச்சது ஒரு சின்ன பகுதி, அதுவும் டிரேட்மார்க்ல. எதனால? பழைய வெர்ஷன் வரைஞ்ச படங்கள்ல தெரிஞ்ச அந்த உருகின வாட்டர்மார்க்கால.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்பதான் சித்தப்பாகிட்ட 17-ஆம் பிரிவைச் சொன்னேன். கோபப்படுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கேமரா பையோட ஜிப்பைத் திறந்து மூடிக்கிட்டிருந்தார். "அப்ப நான் எடுத்தேன்னு போட்டுக்கலாம்ல?" "போட்டுக்கலாம் சித்தப்பா." "அது போதும்டா"ன்னார். மறுவாரம் புது பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தார். அட்வான்ஸ் வாங்கற பக்கத்துல, கையெழுத்துக்கு மேல, படங்களின் பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கேன்னு ஒரு வரி. ஒப்பந்தம் இருந்தா சட்டம் அதைத்தான் பார்க்கும்னு நான் சொன்னது அவருக்கு நல்லாவே ஏறியிருக்கு. அப்புறம் எல்லா நிகழ்ச்சியோட ரா ஃபைலையும் தனி ஹார்டு டிஸ்க்ல வருஷம் போட்டு எடுத்து வைக்கறார். குறியை யாரும் எடுத்துடலாம், ரா ஃபைல் அவர்கிட்ட மட்டும்தான் இருக்கும். இணையத்துல போடறது அகலம் 1,200 பிக்ஸலுக்கு மேல இல்லை.

மகாமகப் படம் இப்பவும் அந்த மஞ்சள் எழுத்தோட சுத்திக்கிட்டிருக்கு. அடுத்த மகாமகம் 2028-ல வருது. அதே வீட்டு மொட்டை மாடிக்கு இப்பவே சொல்லி வச்சுட்டார்.